இடுப்புவலியோடு நீரும் அடைத்தால்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இடுப்புவலி குறித்துத் தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் வெளியான கட்டுரை, ஜவ்வு (டிஸ்க்) விலகலையும் அதற்கான பயிற்சிகளையும் தெளிவாக விளக்கியிருந்தது. அதில் விடுபட்ட ஒன்றை, இடுப்பு நரம்புக் கற்றை நசுங்கும் ஆபத்தை, ஓய்வுபெற்ற இயன்முறை மருத்துவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

தண்டுவடம் முதுகெலும்பின் அடிவரை இறங்குவதில்லை. பெரியவர்களுக்கு அது முதலாம், இரண்டாம் இடுப்பு முள்ளெலும்புகளின் அளவிலேயே முடிந்துவிட, அதற்குக் கீழே கால்களுக்கும் சிறுநீர்ப்பைக்கும் மலக்குடலுக்கும் செல்லும் நரம்புகள் குதிரைவால் போலக் கற்றையாகத் தொங்குகின்றன. இந்தக் கற்றை நசுங்குவதற்குப் பெரும்பாலும் பிதுங்கிய டிஸ்க்தான் காரணம். அரிதாக, தண்டுவட நுனியிலிருந்து இறங்கும் மெல்லிய இழையில் தோன்றும் எபென்டைமோமா என்னும் கட்டியோ, நரம்பின் உறையில் வளரும் ஷ்வானோமாவோ காரணமாகிறது. மெதுவாக வளரும் இக்கட்டிகள் ஆண்டுக்கணக்கில் வெறும் இடுப்புவலியாகவே இருந்துவிட்டு, ஒருநாள் கட்டிக்குள் இரத்தம் கசியும்போது சில மணி நேரத்திலேயே நரம்புகளை நெரித்துவிடக்கூடும்.

நான் பணிபுரிந்த ஒரு மருத்துவமனையில் நாற்பது வயதுக்குட்பட்ட லாரி ஓட்டுநர் ஒருவருக்குப் பல வாரம் இடுப்பை இழுத்துவிடும் சிகிச்சையான டிராக்‌ஷன் கொடுத்தேன். படுத்தால் வலி கூடுகிறது, சுவரில் சாய்ந்துதான் தூங்குகிறேன் என்று அவர் சொன்னதை நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. படுத்தால் தணிவதே ஜவ்வு வலியின் வழக்கம் என்பது எனக்குத் தெரியாததன்று. பிறகு ஓரிரவு அவருக்கு நீர் பிரியவில்லை. சூடு பிடித்துக்கொண்டது என்று இளநீரும் வெந்தயமுமாக இரண்டு நாள் கழிந்தன. அவருக்கு இருந்தது இத்தகைய கட்டிதான். அறுவைச் சிகிச்சையில் அது முழுமையாக அகற்றப்பட்டது, அவர் நடக்கிறார். ஆனால் சிறுநீர் கழிக்க இன்றும் குழாய்தான்.

சைக்கிள் இருக்கையில் படும் இடம் மரத்துப்போவது, இரண்டு கால்களிலும் வலி இறங்குவது, பாதம் தளர்வது, நீர் முட்டுகிற உணர்வே இல்லாமல் சொட்டுச் சொட்டாகக் கசிவது ஆகியவற்றில் ஒன்று புதிதாகத் தோன்றினாலும் அன்றே பெரிய மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். சொட்டுவதைப் பார்த்து நீர் பிரிகிறது என்று ஏமாறுபவர்கள் பலர். நிரம்பி வழியும் பையிலிருந்து வருவது அது. எக்ஸ்ரேயில் நரம்பும் தெரியாது, இத்தகைய கட்டியும் பெரும்பாலும் தெரியாது, எம்.ஆர்.ஐ. ஸ்கேன்தான் முதன்மையான வழி. டிஸ்க் நசுக்கிய நோயாளிகளிடம் செய்த ஆய்வுகள், 48 மணி நேரத்துக்குள் அறுவைச் சிகிச்சை பெற்றவர்களே நன்றாகத் தேறியதாகக் காட்டுகின்றன. கட்டி நசுக்கினாலும் நரம்பு நரம்புதானே.

இங்கிலாந்தில் 2023இல் வெளியான தேசிய நெறிமுறை, இந்தச் சந்தேகம் எழுந்தால் மருத்துவர் கேட்ட 4 மணி நேரத்துக்குள் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்கிறது. நம் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் இரவு நேரத்தில் இத்தகைய நோயாளிக்கு முன்னுரிமை வழங்க ஆணை வேண்டும். அதற்கு முன், செலவே இல்லாத ஒன்றை நாளையே தொடங்கலாம்: இடுப்புவலி என்று வருபவரிடம், குறிப்பாகக் கூச்சத்தால் தாமாகச் சொல்லாத பெண்களிடம், நீர் சரியாகப் பிரிகிறதா, உட்காரும் இடத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்ற இரண்டு கேள்விகளைத் தமிழில் கேட்டு, பதிலைப் புறநோயாளிச் சீட்டிலேயே குறித்துவைக்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயன்முறை மருத்துவர்,
பாளையங்கோட்டை.