போர் முடிந்தது, ஃபாயில் எங்கே போனார்?

மதிப்பிற்குரிய நிகழ்ச்சித் தேர்வுக் குழுவினருக்கு,

வணக்கம். இது நான் உங்களுக்கு எழுதும் நான்காவது கடிதம். முதல் மூன்றையும் ஆங்கிலத்தில் உங்கள் உதவி மையத்துக்கு அனுப்பினேன். மூன்றுக்கும் ஒரே பதில், அதுவும் அனுப்பிய ஒரு நிமிடத்துக்குள் வந்தது: "உங்கள் கருத்து எங்களுக்கு மிக முக்கியம்." முக்கியமான கருத்தை ஒரு நிமிடத்தில் படித்து முடித்த அந்த வேகத்தைப் பாராட்டுகிறேன். நான்காவதை நாலு பேர் பார்க்க, தமிழிலேயே எழுதிவிடலாம் என்று தோன்றியது. உங்கள் செயலி 'தொடர்ந்து பார்க்க', 'உங்களுக்காக' என்றெல்லாம் எங்களிடம் தமிழில்தானே பேசுகிறது. தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவராவது உள்ளே இருப்பார்.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். 'ஃபாயில்ஸ் வார்' என்ற பிரிட்டிஷ் துப்பறியும் தொடரில் மொத்தம் 28 கதைகள். அவற்றில் 19ஐ விட்டுவைத்து, கடைசி ஒன்பதை உங்கள் தளத்திலிருந்து எடுத்துவிட்டீர்கள். சனிக்கிழமை இரவு இருந்தவை ஞாயிற்றுக்கிழமை காலையில் இல்லை. அறிவிப்பு இல்லை, காரணம் இல்லை. அந்த ஒன்பதையும் திருப்பி வையுங்கள் என்பதுதான் என் கோரிக்கை. அவசரம் இருப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். மற்றவர்களுக்காக என் அம்மாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

அம்மாவுக்கு 76 வயது. பாளையங்கோட்டையில் முப்பது வருடத்துக்கு மேல் ஆங்கில ஆசிரியையாக இருந்தவர். காது மெஷின் வைத்திருக்கிறார், ஆனால் டிவியின் சத்தம் அதில் இரைச்சலாகத்தான் விழுகிறது. அதனால் சப்டைட்டில் வாசித்துத்தான் படம் பார்ப்பார். ஒற்றுப்பிழை கண்டால் "இவன யாரு பாஸ் போட்டா?" என்று கேட்பார். சனிக்கிழமைதோறும் இரவு எட்டரைக்கு நானும் அவரும் ஒரு கதை பார்ப்போம். ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரத்துக்குமேல் ஓடும், முழுப் படம் மாதிரி. வாரத்துக்கு ஒன்று என்று ஐந்து மாதம் போல ஆனது, 19ஐயும் முடிக்க.

கிறிஸ்டோபர் ஃபாயில் என்ற போலீஸ் அதிகாரியை அம்மாவுக்கு முதல் கதையிலேயே பிடித்துப்போயிற்று. 1940 மே மாதம், இங்கிலாந்தின் தெற்குக் கரையில் ஹேஸ்டிங்ஸ் நகரம், கடலுக்கு அந்தப் பக்கம் ஜெர்மன்காரன். இங்கே மனைவியை இழந்த ஒரு மனிதர் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு அமைதியாகக் கொலை விசாரிக்கிறார், நேரம் கிடைத்தால் டிரவுட் மீன் பிடிக்கப் போகிறார். மகன் விமானப்படையில். காலில் ஒன்றை நார்வேயில் பறிகொடுத்துவிட்டு வந்த மில்னர் உதவியாளர். கார் ஓட்ட சாம் என்ற பாதிரியார் மகள், அவளுக்கு எப்போதும் பசி. மைக்கேல் கிச்சன் என்ற நடிகர் ஃபாயிலாக வருகிறார். பக்கம் பக்கமாக வசனம் பேசுகிற ரகம் இல்லை, உதட்டோரத்தை ஒரு இழுப்பு இழுத்தால் எதிரே நிற்பவன் உளற ஆரம்பித்துவிடுவான். "இந்த மனுசன் வாயத் தொறக்காமலே பேசுதாரு, எனக்குச் சப்டைட்டிலே வேண்டாம்" என்று அம்மா ஒருநாள் சொன்னார். (வேண்டும்தான். உங்கள் தளத்தில் இரண்டு கதைகளுக்குச் சப்டைட்டில் ஒரு வாக்கியம் பின்தங்கி ஓடியது. கொலைகாரன் ஒப்புக்கொள்ளும்போது திரையில் தேநீர் வேண்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்தது. அதைத் தனியாக இன்னொரு கடிதத்தில் எழுதுகிறேன்.)

இனி அந்த அமெரிக்காக்காரன் விவகாரம். 2003இல் வந்த 'ஃபிஃப்டி ஷிப்ஸ்' கதை உங்கள் தளத்தில் இன்னமும் இருக்கிறது, போட்டுப் பாருங்கள். 1940 செப்டம்பர். அமெரிக்கா தன்னிடமிருந்த பழைய போர்க்கப்பல்கள் ஐம்பதைப் பிரிட்டனுக்குக் கொடுத்த சமயம். ஹோவர்ட் பேஜ் என்ற அமெரிக்கப் பெரும்புள்ளி ஒரு கொலை செய்துவிட்டு நிற்கிறான். ஃபாயில் கண்டுபிடித்துவிடுகிறார். ஆனால் கைது செய்ய முடியாது. அமெரிக்க உதவி இல்லாவிட்டால் நாடே மூழ்கிவிடும் நிலை, அவனைத் தொட்டால் அந்த உதவி கெட்டுப்போகும். மேலிடம் விடச் சொல்கிறது. விடுகிறார். விடும்போது அவனிடம் நிதானமாக ஒன்று சொல்கிறார்: போர் என்றைக்கும் நடந்துகொண்டே இருக்காது, ஒருநாள் முடியும், அன்றைக்கு நான் உன்னைத் தேடி வருவேன் என்கிற பொருளில்.

அன்று இரவு அம்மா தூங்கவில்லை என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு சனிக்கிழமையும், கதை தொடங்குமுன் கேட்பார்: "இன்னைக்காவது அந்த அமெரிக்காக்காரன் வருவானால?" நான் தொடரை முன்பே பார்த்தவன், விடை தெரியும். சொல்ல வாய் எடுத்தால் கையைக் காட்டி நிறுத்திவிடுவார். "நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். நான் பாத்துக்கிடுதேன்."

பத்தொன்பதாவது கதை 'ஆல் கிளியர்'. 1945 மே, ஐரோப்பாவில் போர் முடிகிற வாரம். ஹேஸ்டிங்ஸில் கொடி கட்டுகிறார்கள். அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். போர் முடிந்துவிட்டதே, இனி வாக்குப்படி அவர் கிளம்ப வேண்டுமே. "அடுத்த வாரம் இருக்கு பாரு," என்றார்.

அடுத்த வாரம் இல்லை.

ஃபாயில் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறுவது 2010இல் வந்த கடைசிக் கதையில். திரும்பி வந்து இறங்குவது 2013இன் முதல் கதையில். இரண்டுமே நீங்கள் எடுத்த ஒன்பதுக்குள் இருக்கின்றன. பேஜுக்கு என்ன ஆனது என்பதை நான் இங்கே எழுதப் போவதில்லை, இந்தக் கடிதத்தை அம்மாவும் படிப்பார். ஒரு வாக்குறுதியைக் கொடுக்கும் கதையை வைத்துக்கொண்டு, அதைக் காப்பாற்றும் கதையை மட்டும் எடுத்திருக்கிறீர்களே, இதை யார் உட்கார்ந்து தேர்வு செய்தார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.

உங்கள் தரப்பில் ஒருவர் அரட்டைப் பெட்டியில் எனக்கு ஆறுதல் சொன்னார்: "சார், போர் சம்பந்தப்பட்ட கதை எல்லாமே இருக்கு. போர் முடிஞ்ச பிறகு வர்றதுதான் இல்லை." அவர் நல்லவராகத்தான் தெரிந்தார். அவருக்கு என் பதிலை இங்கே சொல்கிறேன்: தொடரின் உயிரே அந்தப் "பிறகு"வில்தான் இருக்கிறது.

போர் நடக்கும்போது எதிரி கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறான், கணக்கு சுலபம். 'தி ரஷ்யன் ஹவுஸ்' கதையில் எதிரி யார் என்றே தெரியாது. யால்டாவில் நேச நாடுகள் போட்ட ஒப்பந்தப்படி பிரிட்டன், ஜெர்மன் படையில் இருந்து தன் கையில் பிடிபட்ட ரஷ்யக் கைதிகளை ஸ்டாலினிடம் திருப்பி அனுப்ப வேண்டும். போனால் என்ன நடக்கும் என்று போகிறவர்களுக்கும் தெரியும், அனுப்புகிறவர்களுக்கும் தெரியும். 'கில்லிங் டைம்' கதையில் ஹிட்லரை ஒழிக்க வந்த கறுப்பின அமெரிக்கச் சிப்பாய்களுக்கு அதே ஹேஸ்டிங்ஸில் வெள்ளைக்காரனோடு ஒரே இடத்தில் நடனமாட அனுமதி இல்லை. 2013இல் வந்த கதைகளிலிருந்து களம் லண்டனுக்குப் போகிறது. ஃபாயில் இப்போது போலீஸ் இல்லை, எம்.ஐ.5 உளவுத்துறை அவரை மடக்கிச் சேர்த்துக்கொள்கிறது. 'சன்ஃபிளவர்' கதையில் ஒரு நாஜி அதிகாரியை பிரிட்டிஷ் அரசே பத்திரமாக வைத்துப் பாதுகாக்கிறது, ரஷ்யர்களைப் பற்றி அவனுக்கு விஷயம் தெரியும் என்பதற்காக. பேஜை விட்டபோது "போர் நடக்கிறது" என்றார்கள். இவனை வைத்துக்கொள்ளும்போது "அடுத்த போர் வருகிறது" என்கிறார்கள். ஃபாயில் அதே உதட்டோர இழுப்போடு கேட்டுக்கொண்டு நிற்கிறார். 1940இலிருந்து பார்த்து வந்தவர்களுக்குத்தான் அந்த இழுப்பின் கனம் புரியும். என் அம்மா 1940இலிருந்து பார்த்து வந்திருக்கிறார்.

போருக்குப் பிந்தைய பிரிட்டனின் வீதியும் அப்படித்தான். ஜெயித்த நாடு என்று பேர். ஆனால் போர்க்காலம் முழுக்கப் பங்கீடு இல்லாமல் கிடைத்த ரொட்டிக்கு, போர் முடிந்து 1946 ஜூலையில் கூப்பன் போட்டார்கள். இரண்டு வருடம் நீடித்தது. இறைச்சிக் கூப்பன் 1954 வரை இருந்தது. பசிக்கிற சாமுக்கு வாய்த்த கணவர் ஆளுங்கட்சியான லேபரில் சேர்ந்து எம்.பி. ஆகிறவர், பாவம் அவள். 1947 குளிர்காலத்தில் பனியில் ரயில் நின்றது, நிலக்கரி வரவில்லை, வீடுகளில் பகலில் மின்சாரம் இல்லை. அதே பிப்ரவரி 20ஆம் தேதிதான் பிரதமர் அட்லி, 1948 ஜூனுக்குள் இந்தியாவை விட்டுப் போகிறோம் என்று நாடாளுமன்றத்தில் அறிவித்தார். அந்தக் காலத்து லண்டனைத் திரையில் பார்க்க நமக்கும் கொஞ்சம் உரிமை உண்டு என்றே நினைக்கிறேன்.

அந்த பிப்ரவரியைப் பற்றி இன்னொன்று. நிலக்கரிப் பஞ்சத்தால் பிபிசி தன் தொலைக்காட்சி ஒளிபரப்பையே சுமார் ஒரு மாதம் நிறுத்தி வைத்தது. அதற்கு முன் 1939 செப்டம்பர் 1ஆம் தேதியும் நிறுத்தியிருந்தது, அன்று ஹிட்லர் போலந்துக்குள் நுழைந்தான். கடைசியாக ஓடியது ஒரு மிக்கி மௌஸ் கார்ட்டூன். 1946 ஜூன் 7ஆம் தேதி ஒளிபரப்பு மறுபடி தொடங்கியபோது அதே மிக்கி மௌஸ் கார்ட்டூனை மறுபடி போட்டார்கள். நடுவில் ஒரு உலகப் போர். இருந்தும் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு விட்டதைக் கொடுக்க வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது. உங்களுக்கு எந்த நாட்டோடு போர் என்று தெரியவில்லை. நிலக்கரி தட்டுப்பாடு என்றால் சொல்லுங்கள், ஊரிலிருந்து இரண்டு மூட்டை அனுப்பி வைக்கிறேன்.

மன்னிக்கவும், குரல் உயர்ந்துவிட்டது. ஆனால் இதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் தேடல் பெட்டியில் 'ஃபாயில்' என்று தட்டினால் அலுமினிய ஃபாயிலில் மீன் சுடும் சமையல் நிகழ்ச்சி முதலில் வருகிறது. ஃபாயிலுக்கும் மீனுக்கும் சம்பந்தம் உண்டுதான், ஆனால் இது அது இல்லை. கதை முடிந்து ஜிம் பார்க்கரின் இசை தொடங்கியதுமே பெயர்ப்பட்டியலைச் சுருக்கி மூலையில் தள்ளிவிட்டு, "இதையும் பாருங்கள்" என்று ஒரு பாட்டுப் போட்டியைத் திணிக்கிறீர்கள். முன்பெல்லாம் ஒரு டிவிடி வாங்கினால் அது அலமாரியில் கிடக்கும். கீறல் விழுந்தாலும் நம்முடையது. இப்போது வருடச் சந்தா கட்டிவிட்டு, இன்றைக்கு என்ன காணாமல் போயிருக்கும் என்று தினமும் எட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. சந்தா காலம் முடிய எனக்கு இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. அதை மட்டும் நீங்கள் எடுத்துவிடவில்லை.

இந்தத் தொடருக்கே இது புதிதில்லை. 2007இல், பிரிட்டனில் இதை ஒளிபரப்பிய ஐடிவி நிறுவனம் இதை நிறுத்துவதாக முடிவெடுத்தது. அதனால் கதை 1943 மார்ச்சிலிருந்து 1944 ஏப்ரலுக்கு ஒரே தாவாகத் தாவுவதை அம்மாவே கவனித்து, "நடுவுல ஒரு வருசத்தக் காணோமே" என்றார். ஆனால் அங்கே பார்வையாளர்கள் சத்தம் போட்டார்கள், ஐடிவி மனம் மாறியது, 2015 வரை தொடர் ஓடியது. நீங்கள் எடுத்த ஒன்பது கதைகளும் அப்படிப் பார்வையாளர்கள் கேட்டதால் உயிர் பெற்றவை. ஐடிவிக்கு ஆன காது உங்களுக்கும் இருக்கும் என்று நம்புகிறேன். இல்லையென்றால் நல்ல காது மெஷின் எங்கே கிடைக்கும் என்று அம்மா சொல்வார்.

உரிமம் முடிந்திருக்கலாம். ஒப்பந்தம், பணம், பேரம் எல்லாம் உங்கள் பாடு, எனக்குப் புரியாமல் இல்லை. அப்படியென்றால் "இந்தத் தேதியோடு எடுக்கிறோம்" என்று ஒரு வரி போட்டிருக்கலாம். நாங்கள் சனிக்கிழமை வரை காத்திராமல் தினம் ஒன்றாகப் பார்த்து முடித்திருப்போம். ஒன்பது நாள்தான். எனவே பணிவுடன் கேட்கிறேன்: அந்த ஒன்பது கதைகளையும், சப்டைட்டிலோடு, திருப்பி வையுங்கள். முடியாது என்றால் முடியாது என்றும், ஏன் என்றும் ஒரு மனிதர் எழுதிச் சொல்லுங்கள்.

உங்கள் செயலியின் முகப்பில் 'தொடர்ந்து பார்க்க' என்பதன் கீழே ஃபாயிலின் படம் இன்னமும் தொப்பியோடு நிற்கிறது. தொட்டால் "மன்னிக்கவும், ஏதோ தவறு நேர்ந்துவிட்டது" என்று வருகிறது. அம்மா சனிக்கிழமைதோறும் எட்டரைக்கு அதை ஒருமுறை தொட்டுப் பார்க்கிறார்.

இப்படிக்கு,
உங்கள் சந்தாதாரர் ஒருவர்,
பாளையங்கோட்டை.