டாக்டரிடம் முழுவதையும் சொல்

அன்புள்ள மகளுக்கு,

இரண்டு வாரமாக உன் போன் மணியடித்து ஓய்கிறது. உனக்கு வேலை அதிகம் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அத்தை வீட்டுக் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. அதைப் பிறகு எழுதுகிறேன்.

பெரியவனைக் குளவி கொட்டியது பற்றி, "கை வீங்கியது, சரியாகிவிட்டது" என்றாய். கையோடு போயிருந்தால் நிம்மதி. அப்படிப்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்குத்தான் மறுமுறை உடம்பெங்கும் பாதிப்பு வரும். உடம்பு முழுக்கத் தடித்து அரித்தாலும் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் தோலோடு நின்றுவிடும். மூச்சு, வயிறு, மயக்கம் என்று சேர்ந்தால்தான் கதை வேறு.

சின்னவன் ஏதோ உளறினான். அண்ணன் காரில் வாந்தி எடுத்தானாம், குரல் கம்மிப்போயிற்றாம். நான் துருவவில்லை. அவனைத் திட்டாதே.

அலர்ஜிப் பரிசோதனை முடியட்டும், பிறகு பேசலாம் என்றிருக்கிறாயோ? அது ஜாதகம் இல்லையம்மா. அந்தப் பரிசோதனையில் தோல் எவ்வளவு பெரிதாகத் தடித்தது என்பதை வைத்து அடுத்த கொட்டு எப்படியிருக்கும் என்று சொல்ல முடியாது. ஒன்றுமே ஆகாத பிள்ளைகள் பலருக்கும் அலர்ஜி 'உண்டு' என்று காட்டும்; அதனால் சின்னவனையும் எதற்கும் பார்த்துவிடலாம் என்று இழுத்துப் போகாதே. கொட்டிய சூட்டோடு எடுத்தால் 'இல்லை' என்றும் பொய் காட்டலாம். 4 முதல் 6 வாரம் போகட்டும். டாக்டருக்கு வழிகாட்டுவது அன்று நடந்ததுதான். வாந்தியைச் சொல், குரலைச் சொல்.

சிறு வயதிலேயே முட்டி கிழிந்தால் பாவாடையால் மூடிக்கொண்டு சிரிப்பாய். அந்த அழுத்தம்தான் உன்னைத் தனியாக அவ்வளவு தூரம் கொண்டுபோய் நிறுத்தியது. ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்படுகிறேன். ஆனால் இது உன் முட்டி இல்லை, அவன் மூச்சு.

பயப்படவும் வேண்டாம். குளவியின் விஷத்தையே மிகச் சிறிய அளவில் தொடங்கி 3 முதல் 5 ஆண்டு ஊசியாகப் போடும் சிகிச்சை இருக்கிறது; தேவை என்றால் டாக்டரே சொல்வார். அதன்பின் பெரும்பாலோருக்கு ஆபத்து விலகிவிடுகிறது. அதுவரை, கடும் அலர்ஜி வந்தால் உடனே போடும் அட்ரினலின் ஊசி கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டுமா என்று கேள். கொடுத்தால் வீட்டில் ஒன்று, பள்ளிப் பையில் ஒன்று. தொடையின் வெளிப்பக்கத்தில் போட வேண்டும் என்பது அவன் ஆசிரியருக்கும் தெரிந்திருக்கட்டும்.

எனக்குச் சொல்லாவிட்டால் போகிறது. டாக்டரிடம் ஒன்றையும் விடாமல் சொல். அம்மாவிடம் நான் வாயே திறக்கவில்லை.

அப்பா