2024ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை: சிவப்புத் தூளும் 11 உரப்பைகளும்

எங்கள் படகுச் சங்கத்தின் தலைவர், பொருளாளர், நிருவாக சபையினர், அங்கத்தவர்கள் எல்லோருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

போன வருட அறிக்கையை நான் வாசித்துக்கொண்டிருந்தபோது பின்வரிசையில் மூன்று பேர் நித்திரை என்று தலைவர் பிறகு சொன்னார். அதனால் இந்த முறை வழமையான விஷயங்களை முதலில் அவசரமாக முடித்துவிட்டு, வருடம் முழுக்க எங்களைச் சண்டை பிடிக்க வைத்த ஒரே விஷயத்துக்கு வருகிறேன்.

நிருவாகக் கூட்டம் 12 நடக்க வேண்டும், 9 நடந்தது. இரண்டு தடவை கோரம் இல்லை, அதாவது போதிய ஆள் வரவில்லை. நவம்பரில் வெள்ளம், அப்போது யாரும் கூட்டத்தைப் பற்றி நினைக்கவே இல்லை. புதிதாக நான்கு பேர் சேர்ந்திருக்கிறார்கள். எங்களை விட்டுப் போன மூத்த அங்கத்தவர்கள் இருவருக்கும் கூட்டத் தொடக்கத்தில் எழுந்து நின்று அஞ்சலி செலுத்தினோம். படகு இழுக்கிற வின்ச்சுக்குப் புதுக் கம்பி போட்டாயிற்று. சந்தா நிலுவைப் பட்டியல் பொருளாளரிடம் இருக்கிறது, அதை இங்கே வாசித்து யாருடைய மானத்தையும் வாங்கப் போவதில்லை.

சரி, இனிப் படகின் அடியில் பூசுகிற பெயின்ட்.

முதல் குற்றவாளி நான்தான், அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். வாடை முடிந்து மாசியில் எல்லாரும் படகை ஏற்றிப் பழுது பார்க்கிற நேரம், என் படகும் கரையில் இருந்தது. கடற்கோளுக்குப் பிறகு கட்டின ஆழ்கடல் படகு. அன்றிலிருந்து வருடத்துக்கு ஒரு பூச்சு, சில வருடம் இரண்டு, பழையதைச் சுரண்டாமல் அதன் மேலேயே பூசிப் பூசி அடியில் பெயின்ட் தேங்காய்ச் சிரட்டை மொத்தத்துக்கு வந்து செதில் செதிலாகக் கழன்றுகொண்டிருந்தது. இரண்டு பொடியன்களைப் பிடித்து, கிரைண்டரில் சாண்ட் பேப்பர் தட்டைப் போட்டு, ஒரே நாளில் முடியுங்கள் என்று விட்டேன். காலையில் காற்று கரையிலிருந்து வாவிப் பக்கம் போனது, தூளும் போனது, யாருக்கும் தெரியவில்லை. பத்து மணிக்குப் பிறகு கடற்காற்று திரும்பியது. பக்கத்து வளவு மாமி கையில் வாளியோடு வந்து நின்று, “என்ன மனே, எண்ட கிணத்துக்குள்ள குங்குமமா கொட்டுறீங்க?” என்று கேட்டார். போய்ப் பார்த்தேன். கிணற்றுத் தண்ணீரின் மேல் மெல்லிய சிவப்பு ஆடை. கொடியில் காய்ந்த உடுப்பு, முற்றம், மல்லிகைப் பந்தல் எல்லாவற்றிலும் அதே சிவப்பு.

அந்த இரண்டு பொடியன்களில் ஒருவன் ஒரு கிழமை இருமினான், கண் மிளகாய்ப் பழம் மாதிரி. கொரோனா காலத்து நீல மாஸ்க்தான் போட்டிருந்தான், அதுவும் நாடியில். என் உடுப்பை மனைவி வீட்டுத் துணியோடு சேர்த்து ஊறப்போட்டார். அலசிய தண்ணீர் வெற்றிலை துப்பின மாதிரி இருந்தது. சின்னவளின் பள்ளிக்கூடச் சட்டையும் அதற்குள்ளேதான் கிடந்தது. அன்றைக்கு வீட்டில் எனக்கு விழுந்த பேச்சு இந்த அறிக்கைக்குப் பொருத்தமில்லாதது.

மார்ச் கூட்டத்தில் இதை எடுத்தபோது, “எங்கட அப்பன் காலத்திலிருந்து சுரண்டுகிறோம், யார் செத்தது?” என்று ஒரு குரல். அப்பன் காலத்தில் சுறா எண்ணெயும் தாரும் பூசினார்கள், கிரைண்டரும் இல்லை. இப்போது பேணியில் வருகிற சாமான் வேறு. படகின் அடியில் பாசியும் சிப்பியும் கொட்டலசும் ஒட்டாமல் இருப்பதற்காக அதற்குள் வேண்டுமென்றே நஞ்சு கலந்திருக்கிறார்கள். அதற்குத்தான் நாங்கள் காசு கொடுக்கிறோம். பெரும்பாலானவற்றில் அந்த நஞ்சு செம்பு, அதாவது செப்பு ஒட்சைட்டு. சில வகைகளில் பேணி எடையில் பாதிக்குக் கிட்ட அதுதான், சிவப்பு நிறமும் அதனால்தான். தண்ணீருக்குள் இருக்கும்போது அது கொஞ்சம் கொஞ்சமாகக் கசிகிறது. அதுவும் நல்லதில்லை, ஆனால் மெதுவாக நடக்கிறது. சுரண்டும்போது பல வருடத்துச் சரக்கு ஒரே நாளில் தூளாகி ஒரே இடத்தில் விழுகிறது. செம்பு உலோகம், உக்காது, மக்காது. முதல் மழைக்கு வாவிச் சேற்றில் போய்ப் படிந்து அங்கேயே கிடக்கும். இறால் குஞ்சு, நண்டுக் குஞ்சு, சிப்பி எல்லாம் வளர்வது அந்தச் சேற்றிலும் கண்டல் வேரிலும்தான். மீனுக்கும் இறாலுக்கும் செம்பு அளவுக்கு மிஞ்சினால் ஆகவே ஆகாது. பிறகு இறால் குறைந்துவிட்டது என்று அடுத்த ஊர்க்காரனின் வலையைக் குறை சொல்வோம்.

செம்பு மட்டும் என்றாலும் பரவாயில்லை. செம்புக்குப் பிடிபடாத பாசிக்கென்று இன்னொரு மருந்தும் கலப்பார்கள். அதில் சைபுட்ரைன் என்ற ஒன்றைக் கப்பல்களுக்குப் பூசுவது 2023 சனவரி முதல் சர்வதேச அளவில் தடை. அது பாசி வெயிலில் உணவு செய்வதையே நிறுத்துகிற மருந்து. பவளத்துக்குள் குடியிருந்து அதற்குச் சோறு போடுவதும் ஒரு வகைப் பாசிதான், பாசிக்குடாவில் கண்ணாடிப் படகு ஓட்டுகிற எங்கள் அங்கத்தவர்கள் இந்த வரியை இரண்டு தரம் வாசிக்கவும்.

அதற்கும் முன்னால் இருந்தது இன்னும் மோசம். டிரைபியூட்டைல் டின் என்று வெள்ளீயத்தில் செய்த நஞ்சு. 1970களின் கடைசியில் பிரான்சில் ஆர்க்கஷோன் என்கிற குடாவில் சிப்பி வளர்க்கிறவர்களுக்குக் குஞ்சே பிடிக்கவில்லை, வளர்ந்த சிப்பிக்கும் ஓடு தடித்துக் கோணியது. உல்லாசப் படகுகளின் அடிப் பெயின்ட்தான் காரணம் என்று கண்டு 1982இல் 25 மீற்றருக்குக் குறைந்த படகுகளுக்கு அங்கே அதைத் தடுத்தார்கள். ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கு இருந்தாலே ஐரோப்பியக் கரையின் ஒரு வகைப் பெண் நத்தைக்கு ஆண் உறுப்பு முளைக்கத் தொடங்குமாம். இதை நான் வாசித்தபோது கூட்டத்தில் சிரிப்பு அடங்கக் கால் மணித்தியாலம் போனது, ஆனால் சிரிக்கிற விஷயம் இல்லை, அந்த நத்தைகள் முட்டை இட முடியாமல் சில கரைகளில் இல்லாமலே போயின. உலகம் முழுக்கத் தடுப்பதற்கான உடன்படிக்கை 2001இல் எழுதப்பட்டு 2008 செப்டெம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே அதற்கு முன் கட்டின, கை மாறி வந்த பழைய படகு வைத்திருப்பவர்கள் கீழ்ப் பூச்சுகளைச் சந்தேகத்தோடுதான் தொட வேண்டும். மரப் படகின் அடியிலும் இரும்புச் சாமானிலும் முதல் பூச்சாகப் பூசின பழைய செம்மஞ்சள் பெயின்ட் பெரும்பாலும் ஈயம். ஈயத்தில் பிள்ளைகளுக்கு இவ்வளவு வரை பாதகமில்லை என்ற அளவே இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, மூளை வளர்ச்சியைத் தாக்கும். அது பிள்ளைக்கு எப்படிப் போகும்? சுரண்டினவரின் சட்டை, தலைமயிர், செருப்பு வழியாக. என் வீட்டு வாளி மாதிரி.

எங்கள் பக்கம் மணல் நிலம், கிணறு ஆழமில்லை, பாதிக் கிணற்றுக்கு மூடியும் இல்லை. இதைத் தனியாக எழுதக் காரணம், வெளியிலிருந்து வருகிற அறிவுரைகளில் தறப்பாள் இருக்கும், மாஸ்க் இருக்கும், கிணறு இருக்காது. மாமியின் கிணற்றை இறைத்துச் சுத்தம் செய்ததும், கிணற்றுக்கு வலையும் மூடியும் போட்டுக் கொடுத்ததும் என் சொந்தச் செலவு, சங்கக் கணக்கில் இல்லை.

ஏப்ரலில் சில தீர்மானங்களை எடுத்தோம். கையைத் தூக்கினவர்களே பிறகு மறந்துவிட்டதால் திரும்பவும் எழுதுகிறேன். ஒட்டியிருக்கிற பழைய பூச்சு உறுதியாக இருந்தால் அதை உரிக்கவே வேண்டாம். கழுவி, கழன்ற இடத்தை மட்டும் சுரண்டி, அதற்குப் பொருந்துகிற இடைப்பூச்சுப் பூசி மேலே போனால் போதும். தூளைக் குறைக்க இதைவிடப் பெரிய வித்தை இல்லை, ஆனால் இதற்குத்தான் அதிக எதிர்ப்பு வந்தது, ஏனென்றால் முழுக்க உரித்துப் பளபளவென்று இறக்குவது எங்களில் சிலருக்குக் கௌரவம். உரித்தே ஆக வேண்டுமென்றால் கிரைண்டர் கிடையாது. நல்ல கூரான சுரண்டியால் செதிலாக எடுக்க வேண்டும், தேய்ப்பதென்றால் தண்ணீரில் நனைத்துத் தேய்க்கிற தாளால். கீழே இரண்டு தறப்பாள், ஓரத்தை மண்மூட்டை வைத்து உயர்த்தி, வடிகிற தண்ணீரைப் பீப்பாயில் தெளியவிட்டு அடிச்சேற்றை அள்ள வேண்டும், வாவிக்கு விடக் கூடாது. நெருப்பு வைத்து உரிப்பதும் கூடாது, ஈயம் ஆவியாகும். ஒரு நாள் வேலை மூன்று நாளாகிறது, கூலியும் மூன்று மடங்கு, இதை நான் மறைக்கவில்லை. இரண்டு பேர் இதனாலேயே படகைத் தங்கள் வீட்டு வளவில் வைத்துச் சுரண்டினார்கள், பிள்ளை விளையாடுகிற முற்றத்தில். சட்டம் போட்டு நாங்கள் சாதித்தது அதுதான் என்றால் யோசிக்க வேண்டியிருக்கிறது. ஆடியில் இருந்து தறப்பாளும் சுரண்டியும் சங்கமே இலவசமாகக் கொடுக்கத் தொடங்கிய பிறகுதான் அது நின்றது.

மாஸ்க் பற்றி. துணியும் நீல மாஸ்க்கும் இந்தத் தூளுக்குக் காணாது. என்95 அல்லது வடிகட்டி மாற்றுகிற அரை முக மாஸ்க் வேண்டும். பெயின்ட் கரைக்கிற திரவம் பாவித்தால் தூசு வடிகட்டியால் அந்த ஆவியைத் தடுக்க முடியாது, அதற்குக் கரி போட்ட வேறு வடிகட்டி. தாடி இருந்தால் மாஸ்க் முகத்தோடு ஒட்டாது, பக்கத்தால் தூள் போகும் என்று சொன்னபோது எங்கள் மூத்த காக்கா, அதாவது அண்ணன் ஒருவர், “அப்ப எனக்கு மேற்பார்வையத் தாங்க” என்றார். அன்றிலிருந்து அவர்தான் மேற்பார்வை, உண்மையில் நன்றாகவே செய்கிறார், கை கழுவாமல் தேத்தண்ணிக் கோப்பையைத் தொட்டவன் அவரிடமிருந்து தப்ப முடியாது.

இன்னொன்று. தினமும் மணலில் இழுத்து ஏற்றுகிற சின்ன பைபர் படகுக்கு இந்தப் பெயின்ட் தேவையே இல்லை. வெயிலில் காய்கிற அடியில் சிப்பி எங்கே ஒட்டப் போகிறது? தண்ணீரில் கட்டிக் கிடக்கிற படகுக்குத்தான் அது. ஆனாலும் ஆழ்கடல் படகுக்காரன் மிச்சம் வைத்த அரைப் பேணியை வாங்கிப் பூசுகிறோம், சிவப்பு அழகாக இருக்கிறதாம். அழகுக்கு வேறு பெயின்ட் இருக்கிறது, விலையும் குறைவு.

நடக்கக் கூடாதது ஒன்றும் நடந்தது. ஓகஸ்டில் ஒரு இரவு, சுரண்டின செதிலைப் பலகைத் துண்டுகளோடு சேர்த்து யாரோ எரித்துவிட்டார்கள். பெயின்ட் எரிந்தால் நஞ்சு போய்விடும் என்ற நினைப்பு. செம்பும் ஈயமும் எரிந்து போகாது, புகையிலும் சாம்பலிலும் இருக்கும். அந்தப் புகை போன பக்கம் பாலர் பாடசாலை. எரித்தது யார் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் எனக்குத் தெரியும் என்று தெரியும், இத்தோடு விடுகிறேன். 2021இல் கொழும்புக்கு அப்பால் இரசாயனமும் பிளாஸ்டிக்கும் ஏற்றி வந்த எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் எரிந்தபோது நாங்கள் எல்லோரும் போட்ட சத்தத்தை நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு சுரண்டினதையெல்லாம் உரப்பையில் கட்டி, வலை வைக்கிற கொட்டகையில் பூட்டி வைக்கிறோம். 11 பைகள். இதைக் குப்பை வண்டிக்குக் கொடுக்க முடியாது, குப்பை மேட்டில் போட்டால் மழையில் கரைந்து திரும்பவும் எங்களிடமே வரும். 2008ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் ஒழுங்குவிதிகளின்படி அபாயக் கழிவைக் கொண்டு போகவும் அழிக்கவும் அனுமதிப்பத்திரம் வேண்டும். ஒரு அலுவலகத்துக்குப் போனேன், அவர்கள் இன்னொரு அலுவலகத்தைக் காட்டினார்கள், அங்கே போனேன், முதல் அலுவலகத்தைக் காட்டினார்கள். தேத்தண்ணி மட்டும் இரண்டு இடத்திலும் நல்லது. இப்படியான கழிவைச் சீமெந்துச் சூளையில் எரிக்கிற வசதி புத்தளத்தில் இருக்கிறது, அதாவது நாட்டின் மறு கரையில். 11 பைக்கு லொறி பிடிக்கக் கட்டுப்படியாகாது. மற்றக் கரைச் சங்கங்களும் சேர்ந்து ஒரு லொறி நிரப்பினால் முடியும் என்பது என் கணக்கு, கல்முனைப் பக்கமும் ஒலுவில் பக்கமும் கதைத்துப் பார்த்தேன். யோசிக்கிறோம் என்றார்கள், அவர்களிடம் பை இல்லை, அவர்கள் இன்னும் கிரைண்டரில்தான் அடிக்கிறார்கள்.

நவம்பர் வெள்ளத்தில் தண்ணீர் கொட்டகை வாசல் வரை வந்தது. அந்த இரவு தங்கள் வீட்டுச் சாமான்களை விட்டுவிட்டு வந்து இந்தப் பைகளைப் பலகை அடித்து உயரத்தில் ஏற்றினவர்கள் ஐந்து பேர். அதில் ஒருவன் மாசியில் ஒரு கிழமை இருமின அந்தப் பொடியன். நிருவாக சபை அவர்களுக்கு நன்றி சொல்கிறது, நான் தனியாகவும் சொல்கிறேன்.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். தறப்பாள், சுரண்டி, மாஸ்க் செலவு மட்டும் எதிர்பார்த்ததைவிடக் கூட, அதற்காக ஒரு படகுக்கு ஏற்றுக்கூலியில் சிறு தொகை கூட்ட வேண்டும் என்ற பிரேரணை இன்று வாக்குக்கு வரும்.

நான் திரும்பவும் செயலாளராக நிற்கவில்லை. புதிதாகத் தெரிவாகிறவரிடம் முத்திரை, கூட்டக் குறிப்புப் புத்தகம், கொட்டகைச் சாவி மூன்றையும் இன்றே ஒப்படைப்பேன். சாவியை வாங்குகிறவர் என்னோடு வந்து பைகளை எண்ணிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும்.

செயலாளர்