மென்சவ்வு கழன்றுபோன பரப்பில் எடுத்த அளவீடு: புரதப் பிணைப்பு அறிக்கை குறித்த புகார்

யாழ்ப்பாணம்.

முகாமையாளர்,
அளவீட்டுச் சேவைப் பிரிவு,
சென்னை.

பொருள்: புரத – இலிப்பிட்டு பிணைப்பு அறிக்கையை மீளப்பெற்று, அளவீட்டைத் திரும்பச் செய்து தரக் கோருதல்

மதிப்பிற்குரிய ஐயா,

இலிப்பிட்டு (கொழுப்பு வகை) மென்சவ்வில் எவ்வளவு இறுக்கமாகப் பிணைகின்றன என்று அளந்து தரும்படி இரண்டு புரத மாதிரிகளை உங்களிடம் ஒப்படைத்திருந்தோம். கட்டணம் முழுவதையும் முன்கூட்டியே செலுத்திவிட்டோம். நீங்கள் அனுப்பிய அறிக்கை, இரண்டுமே பிணையவில்லை என்று முடிகிறது. இந்த முடிவை எங்களால் ஏற்க முடியாது. அளவீடு பிழையாகச் செய்யப்பட்டிருக்கிறது என்பதற்கு வெளியே சாட்சி தேட வேண்டியதில்லை. உங்கள் அறிக்கையிலேயே அது இருக்கிறது.

இரண்டு மாதிரிகளில் ஒன்று நாங்கள் ஆராயும் நெற்பயிர்ப் புரதத்தின் சீ2 பகுதி. மண்ணில் உப்பு ஏறும்போது பயிரின் கலத்தினுள் கல்சியம் உயரும். அந்தக் கல்சியத்தைப் பற்றிக்கொண்டு மென்சவ்வில் போய் ஒட்டுவது இத்தகைய பகுதிகளின் வேலை. கடனீரேரியோர வயல்களில் உவர் ஏறுவதைத் தடுக்கத் தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் தடுப்பணை கட்டிய ஊர் எங்களுடையது. உப்பைத் தாங்கும் நெல் எங்களுக்கு ஏட்டுப் படிப்பு மட்டுமல்ல என்பதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும்.

மற்றைய மாதிரி அனெக்சின் ஏ5. அதை வேண்டுமென்றேதான் சேர்த்து அனுப்பினோம். கல்சியம் இருந்தால் பொஸ்பற்றிடைல்செரீன் என்ற இலிப்பிட்டைக் கொண்ட மென்சவ்வில் அது நானோமோல் அளவுச் செறிவிலேயே பிணையும். இறந்துகொண்டிருக்கும் கலங்களை அடையாளம் காண 1990களின் நடுப்பகுதியிலிருந்து உலகெங்கும் ஆய்வுகூடங்கள் அதைப் பயன்படுத்துவது இந்த ஒரு குணத்தை நம்பித்தான். உங்கள் கருவியும் முறையும் சரியாக இயங்குகின்றனவா என்பதை அந்த ஒரு குழாயே காட்டிவிடும் என்று மாதிரிப் படிவத்திலும் எழுதியிருந்தோம். அனெக்சினே பிணையவில்லை என்று ஒரு முடிவு வரும்போது முதலில் சந்தேகிக்க வேண்டியது அனெக்சினை அல்ல, பரிசோதனையை. உங்கள் ஆய்வாளர் அந்த இடத்தில் நிறுத்தி எங்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தால் இந்தக் கடிதத்துக்கே தேவை இருந்திருக்காது. மாறாக, அதே நிலைமைகளில் எங்கள் புரதத்தையும் ஓடவிட்டு, இரண்டுக்கும் ஒரே தீர்ப்பை எழுதி அனுப்பியிருக்கிறார்.

காரணம் அறிக்கையின் பின்னிணைப்பில் இருக்கிறது. கருவியினூடாகப் பாயவிட நீங்கள் பயன்படுத்திய ஓட்டக் கரைசலில் 3 மில்லிமோல் ஈடிடிஏயும் 0.005 சதவீதம் டுவீன் 20 என்ற சவர்க்காரமும் இருக்கின்றன. புரதத்துக்கும் புரதத்துக்கும் இடையிலான பிணைப்பை அளக்கும்போது வழக்கமாக எடுக்கும் கரைசல் அது. அந்த வேலைக்கு அது நல்லது. மென்சவ்வு வேலைக்கு அதில் உள்ள இரண்டு பொருள்களுமே ஆகாதவை.

ஈடிடிஏயை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது கல்சிய அயனை ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் கவ்விப் பிடிக்கும். புரதக் கரைசலில் 1 மில்லிமோல் கல்சியம் சேர்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். 3 மில்லிமோல் ஈடிடிஏ இருக்கும் கரைசலில் 1 மில்லிமோல் கல்சியத்தைப் போட்டால் புரதத்துக்கு எஞ்சுவது என்ன? சுயாதீனக் கல்சியம் மைக்ரோமோலுக்கும் வெகு கீழே போய்விடும். இரண்டு புரதங்களும் கல்சியம் இன்றிப் பிணையாதவை. கல்சியத்தைப் பறித்துவிட்டு, பிணையவில்லை என்று அறிக்கை எழுதுவது எந்த வகையில் அளவீடாகும்?

சவர்க்காரம் செய்த சேதம் இதைவிடப் பெரியது. பரப்பில் ஒட்டும் திணிவை ஒளியால் அளக்கும் மேற்பரப்புப் பிளாஸ்மன் பரிவு முறையில், பொன் படலத்தின் மேல் உள்ள டெக்ஸ்திரான் என்ற பல்சர்க்கரைப் படையில் இலிப்பிட்டுக் குமிழிகளைப் பிடித்து நிறுத்துகிறோம். பரப்பில் திணிவு கூடக் கூடக் கருவி காட்டும் பரிவு அலகு ஏறும். புரதத்தைப் பொறுத்தவரை 1000 அலகு என்பது ஒரு சதுர மில்லிமீற்றரில் ஏறத்தாழ 1 நானோகிராம். உங்கள் இரண்டாவது வரைபடத்தில் குமிழிகள் ஏறிய பிறகு அடிக்கோடு 6000 அலகுக்கு அருகில் நிற்கிறது. நல்ல தொடக்கம். ஆனால் அடுத்தடுத்த பக்கங்களில் அந்தக் கோடு ஒரு முறைகூட மேலே திரும்பாமல் சரிந்துகொண்டே போய், கடைசி ஓட்டத்தில் 2500க்குக் கீழே வந்துவிடுகிறது. இலிப்பிட்டைச் சவர்க்காரம் கழுவிக்கொண்டு போகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான படம் வேண்டுமா? அறிக்கையோ இதை "அடிக்கோட்டு நகர்வு" என்று குறிப்பிட்டுக் கணக்கில் திருத்திவிட்டதாகச் சொல்கிறது. தராசுத் தட்டுக் கழன்று விழுந்த பின் முள்ளை மட்டும் பூச்சியத்துக்குத் திருப்பி வைத்த கதைதான் இது. பரப்பு முழுவதையும் இலிப்பிட்டு மூடியிருக்கிறதா என்று மாட்டுச் சீர அல்புமினை ஓட்டிப் பார்க்கும் எளிய சோதனைகூடச் செய்யப்படவில்லை. வெறும் டெக்ஸ்திரான் வெளியே தெரிந்தால் அல்புமின் அங்கே ஒட்டி அதைக் காட்டிக் கொடுத்திருக்கும்.

ஏழாம் பக்கத்தை விசேடமாகப் பார்க்கும்படி கேட்கிறேன். எங்கள் நெற்புரதத்தின் வளைகோடு அங்கே பூச்சியத்துக்குக் கீழே இறங்குகிறது. பிணைந்த திணிவு எதிர்ப்பெறுமானமாக இருக்க முடியாது. கழித்துப் பார்ப்பதற்கான ஒப்பீட்டுத் தடத்தில் இலிப்பிட்டு எதுவும் இடாமல் வெறும் டெக்ஸ்திரானை விட்டிருக்கிறீர்கள். அந்த டெக்ஸ்திரான் எதிர்மின்னேற்றம் கொண்டது. எங்கள் புரதமோ நேர்மின்னேற்றம் மிகுந்தது. அது வெறும் தடத்தில்தான் அதிகம் ஒட்டியிருக்கிறது. அதைக் கழித்தால் விடை பூச்சியத்துக்குக் கீழேதான் போகும். அனெக்சினுக்கு இப்படி நேராததும் இதே காரணத்தால்தான். அது அமிலத் தன்மையுள்ள புரதம். ஒப்பீட்டுத் தடத்தில் பொஸ்பற்றிடைல்கோலின் என்ற இலிப்பிட்டை மட்டும் கொண்ட குமிழிகளை இட வேண்டும் என்று படிவத்தில் கேட்டிருந்தோம். அந்த வரியை யாரும் வாசித்ததாகத் தெரியவில்லை.

தொலைபேசியில் உங்கள் அலுவலர் தந்த விளக்கம், புரதங்கள் வழியில் பழுதாகியிருக்கலாம் என்பது. பொதி வந்து சேர்ந்தபோது உலர்பனிக்கட்டி எஞ்சியிருந்ததாக உங்கள் பெறுகைச் சீட்டே சொல்கிறது. அதே தொகுதியிலிருந்து எடுத்து வைத்திருந்த புரதத்தை எங்கள் ஆய்வுகூடத்தில் சோதித்தோம். பொஸ்பற்றிடைல்செரீன் ஐந்தில் ஒரு பங்கு கலந்த பல்படைக் குமிழிகளோடு புரதத்தைச் சேர்த்து, குளிரூட்டிய மையநீக்கியில் சுழற்றி, வீழ்படிவையும் மேல்திரவத்தையும் ஜெல்லில் ஓட்டினோம். கல்சியம் இட்ட குழாயில் புரதப் பட்டை வீழ்படிவில் அழுத்தமான நீலமாகத் தெரிகிறது. மேல்திரவத்தில் அதன் நிழல்தான் இருக்கிறது. ஈடிடிஏ இட்ட குழாயில் முழுப் பட்டையும் மேல்திரவத்துக்கு வந்துவிட்டது. குமிழி சேர்க்காத குழாயில் வீழ்படிவு வெறுமை. ஆகவே புரதம் தானாகத் திரண்டு படியவில்லை. இரண்டு புரதங்களுக்கும் இதே முடிவு. படங்களை இணைத்திருக்கிறேன்.

அப்படியானால் உங்களிடம் ஏன் வந்தோம் என்று நீங்கள் கேட்கலாம். மையநீக்கம் பிணைகிறதா இல்லையா என்பதைச் சொல்லும். எவ்வளவு விரைவாக ஏறுகிறது, எவ்வளவு விரைவாகக் கழல்கிறது என்பதைச் சொல்லாது. அந்த வேகங்களை அளக்கும் கருவி எங்களிடம் இல்லை. வெளிநாட்டு நாணயத்தில் பணம் அனுப்புவது இங்கே எவ்வளவு சிரமம் என்பது 2022க்குப் பிறகு யாருக்கும் விளக்கத் தேவையில்லாத விடயம். அந்தப் பணம் ஓர் ஆய்வு மாணவியின் முழு ஒதுக்கீடு. உங்கள் அறிக்கையை நம்பியிருந்தால், அவர் தனது புரதம் மென்சவ்வில் பிணையாது என்று ஆய்வேட்டில் எழுதியிருப்பார். பொய்யான ஒரு முடிவு, அவருடைய பெயரோடு நூலகத்தில் இருந்திருக்கும். எனக்குக் கோபம் வருவது பணத்துக்காக மட்டுமல்ல.

எனவே அளவீட்டை உங்கள் செலவில் திரும்பச் செய்து தாருங்கள். ஓட்டக் கரைசல் ஹெப்பஸ், சோடியம் குளோரைட்டு, 1 மில்லிமோல் கல்சியம் ஆகியவை மட்டும் கொண்டதாக இருக்கட்டும். ஈடிடிஏயும் சவர்க்காரமும் கூடாது. கல்சியம் வீழ்படிவாகும் என்பதால் பொசுபேற்றுக் கரைசலும் வேண்டாம். 100 நானோமீற்றர் வடியினூடாகப் புதிதாகத் தள்ளி எடுத்த குமிழிகளையே பயன்படுத்துங்கள். முதலில் அனெக்சினை ஓட்டி, அது ஏறிய பின் ஈடிடிஏயைச் செலுத்தி, கழல்வதைப் பதிவுசெய்யுங்கள். அது நடந்தால் மட்டுமே எங்கள் புரதத்தைத் தொடுங்கள். பிணைப்பின் இறுக்கத்தைக் காட்டும் பிரிகை மாறிலியைக் கணக்கிடும்போது, குமிழியின் வெளிப்படையில் உள்ள இலிப்பிட்டு மட்டுமே, அதாவது மொத்தத்தில் ஏறத்தாழ அரைவாசியே, புரதத்துக்கு எட்டும் என்பதையும் கவனத்தில் கொள்ளுங்கள். திருத்தப்படாத மூலத் தரவுக் கோப்புகளும் எங்களுக்கு வேண்டும். முதல் ஓட்டத்தினுடையவையும் சேர்த்து.

உங்களிடம் எஞ்சியுள்ள மாதிரிகளை மறை 80 பாகையிலேயே வைத்திருங்கள். உருக்கி மீண்டும் உறையவைக்க வேண்டாம். திரும்பச் செய்ய முடியாது என்றால் 14 நாட்களுக்குள் எழுத்தில் அறிவித்து, முழுக் கட்டணத்தையும் திருப்பி அனுப்புங்கள். எப்படியாயினும் முதல் அறிக்கை செல்லாது என்று நிறுவனத்தின் முத்திரையோடு ஒரு கடிதம் எங்களுக்கு வந்தாக வேண்டும். மாணவியின் கோப்பில் அந்த அறிக்கைக்கு மேல் அதை இணைக்க இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஆய்வுப் பொறுப்பாளர்,
யாழ்ப்பாணம்.

இணைப்பு: அறிக்கையின் 2, 7ஆம் பக்கங்களும் பின்னிணைப்பும், மாதிரிப் படிவத்தின் பிரதி, பெறுகைச் சீட்டு, ஜெல் படங்கள்.