தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சிங்கப்பூரில் பழைய கார் வைத்திருப்போரிடமும் அவற்றைப் பழுதுபார்ப்போரிடமும் ஊறிப்போன ஒரு பழக்கம் உண்டு. எஞ்சின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கும் வால்வுதான் தெர்மோஸ்டாட். வண்டி சூடேறினால் முதல் வேலையாக அதைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிடுவார்கள். “இது என்ன லண்டனா? நம் ஊர் வெயிலுக்கு அது எதற்கு?” என்பதே அதற்குச் சொல்லப்படும் காரணம். நல்ல எஞ்சின்கள் இதனால் கெடுகின்றன என்பதால் இதை எழுதுகிறேன்.

தெர்மோஸ்டாட் குளிர்நாட்டுக்கு மட்டும் வேண்டிய பொருள் அல்ல. வெளியே 32 டிகிரி செல்சியஸ் கொளுத்தினாலும், எஞ்சினுக்கு வேண்டிய 82 டிகிரிக்கு அது இன்னும் 50 டிகிரி குறைவு. மெழுகு அடைத்த சிறு குமிழ் ஒன்று தண்ணீரில் மூழ்கியிருக்கும். குறித்த சூட்டில் மெழுகு உருகி விரியும். உள்ளிருக்கும் ஊசியைத் தள்ளி வால்வைத் திறக்கும். அதற்கு மேல் இன்னும் 12, 15 டிகிரி ஏறும்போது வால்வு முழுதாகத் திறந்திருக்கும். எஞ்சின் எவ்வளவுக்குக் கீழே குளிரக் கூடாது என்பதை மட்டுமே இது தீர்மானிக்கிறது. எவ்வளவுக்கு மேலே போகும் என்பது ரேடியேட்டர், ஃபேன், வாட்டர் பம்ப் ஆகியவற்றின் பொறுப்பு. ரேடியேட்டர் அடைத்துக் கிடக்கும் காரில் 82 டிகிரியில் திறக்கும் தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டு 74-இல் திறப்பதைப் போட்டால், அதே கொதிநிலைக்குச் சில நிமிடம் தாமதமாகப் போய்ச் சேரும், அவ்வளவுதான்.

எடுத்தே விட்டால்? மினி, மோரிஸ் மைனர் போன்ற கார்கள் தீவு விரைவுச்சாலையில் ஓடும்போது எஞ்சின் சூடேறவே முடியாமல் திணறும். ஆவியாகாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் உள்ள எண்ணெயைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். எரிதலில் உண்டாகும் நீராவி எண்ணெயோடு கலந்து, எண்ணெய் ஊற்றும் மூடியின் அடியில் பால் கலந்த காப்பி நிறத்தில் பசையாகப் படியும். நம் கிளாசிக் வாகனத் திட்டத்தில் 35 ஆண்டு கடந்த கார்களை ஆண்டுக்கு 45 நாள் வரைதான் சாலையில் எடுக்கலாம். மற்ற நாளெல்லாம் அந்தப் பசையோடும் ஈரத்தோடும் எஞ்சின் சும்மா நிற்கிறது. எடுக்கும் சில நாளிலாவது அது முழுச்சூடு காண வேண்டாமா?

சில எஞ்சின்களில் இதைவிடப் பெரிய கேடு நேரும். மெர்சிடிஸ் டபிள்யூ123 டீசலில் தெர்மோஸ்டாட்டின் அடியில் இரண்டாவது தட்டு ஒன்று உண்டு. மேல்வால்வு திறக்கும்போது அது பைபாஸ் வழியை, அதாவது தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் எஞ்சினுக்கே திரும்பும் குறுக்குவழியை, மூடும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றினால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். சூடான தண்ணீரில் பெரும்பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும். சூட்டைத் தணிக்க எடுத்ததே சூட்டை ஏற்றிவிடும். பழைய ஜாகுவார் எக்ஸ்கே எஞ்சின்களில் இதே வேலையைத் தெர்மோஸ்டாட்டைச் சுற்றியுள்ள வளையம் செய்கிறது. விட்டம் சரியாக இருக்கிறதே என்று வளையம் இல்லாத ஒன்றை வாங்கிப் போட்டாலும் வினை ஒன்றுதான். ஆகவே வாங்கும் முன் பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விட்டம் மட்டுமல்லாமல் அடிப்பாகத்தின் உருவத்தையும் பாருங்கள்.

கழற்றும் முன் கோளாறு உண்மையில் அதில்தானா என்று பார்க்கலாம். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பி, எஞ்சினிலிருந்து ரேடியேட்டரின் மேற்பகுதிக்குப் போகும் மேல் ஹோஸைக் கையால் தொடுங்கள். ஒரு நிமிடத்திலேயே மெல்லச் சூடாகத் தொடங்கினால் வால்வு திறந்தபடி சிக்கியிருக்கிறது, அல்லது யாரோ எடுத்துவிட்டார்கள். வெப்ப முள் சிவப்புக்குப் போன பிறகும் ஹோஸ் குளிர்ந்தே கிடந்தால் மூடியபடி சிக்கிவிட்டது. போக்குவரத்து நெரிசலில் மட்டும் சூடேறினால் ஃபேனைப் பாருங்கள். விரைவுச்சாலையில் மட்டும் என்றால் ரேடியேட்டரைப் பாருங்கள். 1960களின் நடுவிலிருந்து வந்த பல பிரிட்டிஷ் கார்களில் பெட்ரோல் முள்ளுக்கும் வெப்ப முள்ளுக்கும் சேர்த்து 10 வோல்ட் தரும் ஒரு ஸ்டெபிலைசர் உண்டு. அது கெட்டால் இரண்டு முள்ளும் சேர்ந்தே உயரும். எஞ்சின்மேல் குற்றமே இருக்காது. அகச்சிவப்பு வெப்பமானியால் அளக்கிறவர்கள் பளபளக்கும் அலுமினியத்தில் அளக்க வேண்டாம், குறைவாகக் காட்டும். கறுப்பு டேப் ஒரு துண்டு ஒட்டி அதன்மேல் அளக்கவும்.

எத்தனை டிகிரி தெர்மோஸ்டாட்டை வாங்குவது? மினியின் ஏ-சீரிஸ் எஞ்சினுக்கு 54 மில்லிமீட்டர் விட்டத்தில் மூன்று கிடைக்கின்றன, பாக எண்கள் இவை: 74 டிகிரிக்கு ஜிடிஎஸ் 102, 82-க்கு ஜிடிஎஸ் 104, 88-க்கு ஜிடிஎஸ் 106. 88 குளிர்காலத்துக்கு, நமக்கு வேண்டாம். வெப்ப நாட்டுக்கு 74 என்பார்கள், அதில் தவறில்லை. ஆனால் ரேடியேட்டர் சுத்தமாக உள்ள காருக்கு 82-ஐயே பரிந்துரைப்பேன். எண்ணெயில் சேர்ந்த ஈரம் போக அந்தச் சூடு உதவும். தொழிற்சாலை குறிப்பிட்ட எண் உங்கள் கையேட்டில் இருந்தால் அதுவே முதலில்.

புதியது என்பதற்காக நம்பிவிடாதீர்கள். ஒரு பழைய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, வால்வின் இடுக்கில் நூலைக் கவ்வவிட்டு அந்த நூலிலேயே தெர்மோஸ்டாட்டைத் தொங்கவிடுங்கள். பாத்திரத்தின் அடி தண்ணீரைவிடச் சூடாக இருக்கும், அதில் படக் கூடாது. தண்ணீரைக் கலக்கியபடி வெப்பமானியைப் பாருங்கள். வால்வு திறக்கத் தொடங்கும் கணத்தில் நூல் நழுவி அது கீழே விழும். முத்திரையிட்ட எண்ணுக்கு இரண்டு மூன்று டிகிரிக்குள் இது நடக்க வேண்டும். தண்ணீர் கொதிக்கும்போது குறைந்தது 7, 8 மில்லிமீட்டர் திறந்திருக்க வேண்டும், ஆறும்போது முழுதாக மூட வேண்டும்.

மாற்றும் வேலையில் மினியை எடுத்துக்கொள்வோம். எஞ்சின் முழுதாக ஆறியபின் ரேடியேட்டர் மூடியைத் திறந்து, கீழ் ஹோஸ் வழியாக இரண்டு லிட்டர் அளவுக்கு வடித்தால் போதும். வடித்ததைக் கால்வாயில் ஊற்றாதீர்கள். தீவின் மூன்றில் இரண்டு பங்கு நிலத்தில் விழும் மழைநீர் நீர்த்தேக்கங்களுக்குத்தான் போகிறது. எஞ்சின் தண்ணீரில் கலந்திருக்கும் கூலன்டின் இனிப்புக்குப் பூனையும் நாயும் நக்கிச் சாகும். கேனில் மூடி, கழிவைப் பெற்றுக்கொள்ளும் பழுதுபார்ப்பு நிலையத்தில் கொடுங்கள்.

இந்த வேலையில் அதிகம் உடைவது, தெர்மோஸ்டாட்டை மூடியிருக்கும் வளைந்த குழாயான அலுமினிய முழங்கைதான். சிலிண்டர் ஹெட்டில் பதிந்த மூன்று இரும்புத் திருகுக்கம்பிகள் (ஸ்டட்கள்) அதனுள் துருவேறி ஒட்டிக்கொண்டிருக்கும். நட்டுகளை எடுத்ததும் சுத்தியலால் அடித்துக் கிளப்பாதீர்கள். துரு இளக்கும் எண்ணெயை முதல் நாள் இரவே விட்டுவைத்து, மறுநாள் மரத்துண்டு வைத்துப் பக்கவாட்டில் மாறி மாறித் தட்டுங்கள். அசையாவிட்டால் முழங்கையைச் சூடேற்றுங்கள். அலுமினியம் இரும்பைவிட அதிகம் விரியும். பொறுமை போய் நெம்பினால் ஸ்டட் சிலிண்டர் ஹெட்டோடு ஒட்ட முறியும். அதைத் துளையிட்டு எடுக்க ஒரு நாள் ஆகும்.

துணியால் துவாரத்தை அடைத்துவிட்டுப் பழைய கேஸ்கெட்டைச் சுரண்டுங்கள். முழங்கையின் அடியைக் கண்ணாடிமேல் விரித்த மணல்தாளில் தேய்த்தால் மேடுபள்ளம் தெரியும். குமிழும் ஸ்பிரிங்கும் எஞ்சின் பக்கம் இருக்கட்டும். காற்று வெளியேறும் சிறு துளை மேற்புறம் பார்க்கட்டும். துளையே இல்லாவிட்டால் விளிம்புத் தட்டில் 3 மில்லிமீட்டரில் ஒன்று போடலாம். அடியில் சிக்கிய காற்றால் குமிழ் நீராவியில் நின்று திறக்கத் தாமதிப்பதை அது தடுக்கும். தட்டு அதன் பள்ளத்தில் முழுதாக உட்காராமல் நட்டை இறுக்கினால் முழங்கை விரிசல் விடும். காகிதக் கேஸ்கெட்டில் சீலன்ட் மெல்லிய பூச்சாக இருந்தால் போதும். பிதுங்கும் சிலிகான் ரேடியேட்டர் குழாயில் போய் அடைக்கும். இறுக்கம் 11 நியூட்டன் மீட்டர், மூன்றையும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி மாற்றி.

கை அங்கே இருக்கும்போதே வாட்டர் பம்புக்கும் ஹெட்டுக்கும் நடுவே உள்ள குட்டி பைபாஸ் ஹோஸையும் மாற்றிவிடுங்கள். மடிப்பு மடிப்பாக உள்ள வகை, பம்பைக் கழற்றாமலே நுழையும்.

நிரப்பும்போது நம் ஊரில் உறைபனி இல்லையே என்று வெறும் குழாய்த் தண்ணீரை ஊற்றுவது அடுத்த தவறு. துரு தடுக்கும் மருந்து கூலன்டில்தான் இருக்கிறது, நின்றே கிடக்கும் காரில் தெர்மோஸ்டாட் சிக்குவதும் பெரும்பாலும் துருவால்தான். ஹீட்டரோடு மினிக்கு ஏறத்தாழ 3.5 லிட்டர் பிடிக்கும். 1.2 லிட்டர் கூலன்ட், மீதி காய்ச்சி வடிகட்டிய நீர் என்பது நல்ல அளவு. செம்பு, பித்தளை ரேடியேட்டருக்குப் பழைய வகைக் கூலன்ட் போதும், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றவும். ஹீட்டர் வால்வைத் திறந்துவைத்து, முன்பக்கத்தை உயர்த்தி, மெதுவாக ஊற்றி, மூடி இல்லாமல் ஓடவிடுங்கள். மேல் ஹோஸ் திடீரென்று சூடாகும் வரை காத்திருந்து, ஹோஸ்களைத் துணியால் பிடித்துப் பிசைந்து குமிழிகளை வெளியேற்றுங்கள். மறுநாள் ஆறிய நிலையில் மட்டத்தைப் பார்த்தால் பெரும்பாலும் கொஞ்சம் இறங்கியிருக்கும்.

பழுதுபார்ப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். தெர்மோஸ்டாட்டைக் கழற்றியே ஆக வேண்டும் என்று நினைத்தால், அதைப் பில்லில் எழுதிக் கொடுங்கள், பழைய பொருளையும் கையில் கொடுத்துவிடுங்கள். இந்தக் கார்கள் பல கை மாறுகின்றன. வாங்குபவர் உள்ளே ஒன்றும் இல்லை என்பதே தெரியாமல் ரேடியேட்டரை மாற்றி, பம்பை மாற்றி, பிறகும் காரணம் புரியாமல் நிற்கிறார்.

இப்படிக்கு,
பழைய கார் பராமரிப்பில் ஈடுபட்டுள்ள ஒரு வாசகர்,
ஈசூன்