செடித் தொட்டிக்கு மணல் தேடும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

செடி வளர்க்கும் மீன் தொட்டிக்கு அடியில் என்ன போடுவது என்று கேட்டிருந்தாய். விளக்கையும் ஃபில்டரையும் பிறகு மாற்றிக்கொள்ளலாம். அடிமணலை மாற்ற வேண்டுமென்றால் தொட்டியையே கலைக்க வேண்டும். அதனால் இதில் மட்டும் அவசரப்படாதே.

செடிக்குச் சத்து தருமா என்பதற்கு முன், அது தண்ணீரை என்ன செய்யும் என்று பார். சுண்ணாம்புக்கல்லோ பவளத்துண்டோ கிளிஞ்சலோ கலந்த மணல் மெல்லக் கரைந்து, தண்ணீரின் கடினத்தன்மையையும் பிஎச் (அமில-கார) அளவையும் ஏற்றிவிடும். காய்ந்த மணல் ஒரு கைப்பிடி எடுத்து வினிகர் ஊற்று. நுரைத்தால் கார்போனேட் இருக்கிறது, வேண்டாம். வினிகர் வீரியம் குறைந்தது என்பதால், நுரைக்காவிட்டாலும் ஒரு வாரம் தண்ணீரில் ஊறவைத்து, முன்னும் பின்னும் பிஎச், கேஎச் (கார்போனேட் கடினத்தன்மை) இரண்டையும் அளந்துவிடு. கடற்கரை மணலில் உப்பும் கிளிஞ்சலும் சேர்ந்தே வரும். அந்தப் பக்கமே போகாதே. தோட்ட மண்ணில் உரமோ பூச்சிமருந்தோ கலந்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது.

அக்வா சாயில், அதாவது செடித் தொட்டிக்கென்றே கடையில் விற்கும் சத்துள்ள மண் உருண்டை, செடிகளுக்கு அருமையானதுதான். ஆனால் பல வகைகள் முதல் சில வாரங்கள் அம்மோனியாவைக் கசியவிடும். பிஎச் 7-ஐத் தாண்டி ஏற ஏற அதன் நஞ்சும் ஏறும். அம்மோனியா, அதிலிருந்து உண்டாகும் நைட்ரைட் இரண்டும் 0 என்று வரும்வரை ஒரு மீன்கூட விடக்கூடாது. செடிகள் பச்சையாகத் தழைத்து நிற்கும்போது, இரண்டே இரண்டு விட்டால் என்ன என்று தோன்றும். தயவுசெய்து விடாதே, அவை மூச்சுக்குத் திணறிச் சாகும்.

உனக்கு நான் சொல்வது, நன்றாகக் கழுவிய, முனை மழுங்கிய, 1 முதல் 3 மில்லிமீட்டர் குவார்ட்ஸ் மணல். 5 முதல் 7 சென்டிமீட்டர் உயரம் போதும். அதில் சத்து கிடையாது. கிரிப்டோகோரைன், அமேசான் ஸ்வார்ட் போல வேரால் உண்ணும் செடிகளின் அடியில் உர மாத்திரை புதைத்துவிடு. மாவு போன்ற மணலை உயரமாக நிரப்பினால் இறுகிப்போய், உள்ளே ஆக்சிஜன் போகாமல் அழுகிய முட்டை நாற்றமடிக்கும் வாயு உண்டாகலாம். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் மட்டும்தான் என்றால் இவ்வளவு யோசிக்கவே வேண்டாம், மரக்கட்டையில் கட்டிவிடு. அவற்றின் கிழங்கைப் புதைத்தால் அழுகிவிடும்.

சரி, எந்த மீன் என்று நீ எழுதவே இல்லையே? கோரிடோரஸ் என்ற சின்னக் கெளுத்தி மீன் மணலைக் கிளறி இரை தேடும், கூரான கல்லில் அதன் மீசை தேய்ந்துபோகும். அதற்கு மென்மையான நைஸ் மணல்தான் சரி, உயரத்தைக் குறைத்துக்கொள்ளலாம். மணல் வாங்குமுன் மீன் எதுவென்று எழுது.

அன்புடன்,
அண்ணன்