மஞ்சளும் சிவப்பும்

தம்பிக்கு,

புதன்கிழமை நீ அம்மாவுக்கு அனுப்பிய போட்டோவை நானும் பார்த்தேன். டேஷ்போர்டு பிரிந்து கிடக்க, புது பாட்டு செட் சீட்டில் இருக்கிறது. 98 மாடல் வண்டிக்கு இன்னும் இவ்வளவு செய்கிறாயே என்று எனக்குப் பெருமைதான், பக்கத்து வீட்டுக்காரரிடம்கூடக் காட்டினேன். பகல் 11 மணிக்கு எடுத்திருக்கிறாய். ஆபீஸ் லீவாக இருக்கும் என்று அம்மாவிடம் சொன்னேன்.

பெரிதாக்கிப் பார்த்தால் மஞ்சள் ஒயரையும் சிவப்பு ஒயரையும் ஒன்றாக முறுக்கி டேப் சுற்றியிருக்கிறாய். அதைப் பிரித்துவிடு. மஞ்சள் எப்போதும் பேட்டரி கரண்ட், அதில்தான் கடிகாரமும் நீ பிடித்துவைத்த ஸ்டேஷன்களும் நிற்கும். சிவப்பு சாவி திருப்பினால் மட்டும் கரண்ட் வரும் ஒயருக்குப் போக வேண்டும். வண்டிப் பக்கத்து ஒயரை நிறத்தை வைத்து முடிவு செய்யாதே, டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார், சாவி எடுத்த பிறகும் எரிந்தால் அது மஞ்சளுக்கு. முதலில் பேட்டரி மைனஸைக் கழற்று, 10 நம்பர் ஸ்பேனர் போதும். டெஸ்ட் பண்ணும்போது மட்டும் மாட்டிக்கொள், முடிந்ததும் மறுபடி கழற்றிவிட்டுத்தான் ஒயரில் கைவைக்க வேண்டும். கறுப்பை பெயின்ட் சுரண்டிய இரும்பில் இறுக்கமாக எர்த் பண்ணு. ஸ்பீக்கரின் மைனஸை மட்டும் பாடியில் தொடவிடாதே, பழைய டேப் ரெக்கார்டரில் அப்படி இருந்திருக்கலாம், இந்த செட்டில் தொட்டால் உள்ளே இருக்கும் ஐ.சி. சிப் போய்விடும். செட்டுக்குப் பின்னால் 10 ஆம்பியரோ 15 ஆம்பியரோ எது எழுதியிருக்கிறதோ அதே பியூஸ்தான், போய்விட்டது என்று கம்பியைச் சுற்றி வைக்காதே. சென்னை வெயிலில் அந்த டேப் பசை உருகிக் கழன்றுவிடும், ஜி.பி. ரோட்டில் ஒயர்களை இணைக்கும் கப்ளர் கிடைக்கும், வாங்கிப் போடு. பேட்டரி மைனஸ், மறக்காதே.

மூன்று வாரமாக எனக்கு ஒரு போன் இல்லை. அம்மாவிடம் பேசுகிறாய், பக்கத்தில்தான் நான் உட்கார்ந்திருக்கிறேன் என்று உனக்குத் தெரியும். சரி, வேலை இருக்கும்.

இதை எழுதும்போது 2003-இல் பழனிக்குக் கிளம்பிய காலைதான் ஞாபகம் வருகிறது. வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை, ராத்திரி நீ பாட்டுக் கேட்டுவிட்டு செட்டை அணைக்காமல் விட்டதால்தான் பேட்டரி இறங்கிவிட்டது என்று பெரியத்தை முன்னால் உன்னை அறைந்தேன். நீ போடவே இல்லை என்று இரண்டு தடவை சொன்னாய், பொய் வேறு சொல்கிறாயா என்று மறுபடியும் கையை ஓங்கினேன். இரண்டு வாரம் கழித்துத் திரும்பவும் பேட்டரி இறங்கியது. எலக்ட்ரீசியன் வந்து செட்டை இழுத்துப் பார்த்தார். சாவி என் கையில் இருக்கிறது, சிவப்பில் லேம்ப் எரிகிறது, சாவி எடுத்தாலும் செட்டுக்குக் கரண்ட் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. மஞ்சளையும் சிவப்பையும் ஒன்றாக முறுக்கியிருந்தது நான்தான், இப்போது நீ முறுக்கியிருப்பது மாதிரியே. நீ ஸ்கூலுக்குப் போயிருந்தாய். பணத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டேன், உன்னிடம் சொல்லவில்லை, அம்மாவிடமும் இல்லை. அப்புறம் சொல்லலாம் என்று இருந்தே இத்தனை வருஷம் போய்விட்டது. நீ உண்மையைத்தான் சொன்னாய் தம்பி. நான் நம்பவில்லை.

அதற்குப் பிறகு எதுவாக இருந்தாலும் நீ அம்மாவிடம்தான் சொல்வாய். ஏன் என்று நான் கேட்கவே இல்லை.

வேலை விஷயமாக ஏதாவது இருந்தால், இருக்காது, இருந்தால், நான் சத்தம் போட மாட்டேன். என் பழைய டெஸ்ட் லேம்ப் இன்னும் அலமாரியில் இருக்கிறது, வேண்டும் என்றால் சேரன் எக்ஸ்பிரஸில் ஏறிக் காலையில் வந்து இறங்கிவிடுவேன், இரண்டு பேருமாக உட்கார்ந்து பிரித்து மாட்டலாம்.

மைனஸைக் கழற்றிவிட்டு எனக்கு ஒரு போட்டோ அனுப்பு, எந்தக் கிழமை எடுத்தாலும் சரி.

அப்பா